992 நாட்கள்: தோற்கும் அணியை நடத்துவது பற்றி

1

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் கவுன்ட்டி அணி 2012 செப்டம்பரில் க்ளோஸ்டர்ஷயரை ஒரு நான்கு நாள் ஆட்டத்தில் வென்றது. அடுத்த வெற்றி 2015 ஜூன் 3 அன்று, செம்ஸ்ஃபோர்டு மைதானத்தில் எஸ்ஸெக்ஸ் அணிக்கு எதிராக வந்தது. நடுவில் 992 நாட்கள், 37 ஆட்டங்கள். 2013, 2014 இரண்டு சீசனும் கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பில் ஒரு வெற்றிகூட இல்லாமலேயே முடிந்தன. இத்தனைக்கும் அதே போட்டியை 1975, 1996, 1998 ஆகிய ஆண்டுகளில் வென்ற அணி அது.

மத்தூர்க்காரனான எனக்கு லெஸ்டர்ஷயரோடு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. ஊத்தங்கரை போகிற பஸ் ஜன்னலில் மாந்தோப்பும் தென்னையும் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனாலும் அந்த அணியைப் பத்து வருஷமாக நான் நடத்திவருகிறேன். ‘கிரிக்கெட் கேப்டன்’ என்கிற கணினி விளையாட்டில்.

1998-ல் ‘இன்டர்நேஷனல் கிரிக்கெட் கேப்டன்’ என்ற பெயரில் வந்தது இது. இன்றும் பெயரோடு ஆண்டைச் சேர்த்துக்கொண்டு புதிய பதிப்புகள் வருகின்றன. இதில் உங்கள் கையில் மட்டை இருக்காது. இ.ஏ. ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ மாதிரி பட்டனை அழுத்தி சிக்ஸர் தூக்குகிற வேலையெல்லாம் இல்லை. நீங்கள் ஆளைத் தேர்வு செய்கிறீர்கள், சம்பளம் பேசுகிறீர்கள், பந்தை யாரிடம் கொடுப்பது, ஃபீல்டரை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கிறீர்கள். மற்றபடி உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான். சின்னச் சின்னப் பொம்மைகள் ஓடிவந்து பந்து போடும், அவுட் ஆகும், தலையைத் தொங்கப்போட்டு நடக்கும்.

வீடியோ கேமைப் பற்றி நம்மிடையே எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்கிற கவலை. இன்னொன்று, கிராஃபிக்ஸ் எப்படி, விலைக்குத் தகுமா என்கிற மதிப்புரை. ஒரு நாவலை வாசிப்பதுபோல ஒரு கேமை வாசிக்க முடியுமா, அது மனிதர்களை எங்கே நின்று பார்க்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கேட்க முடியுமா என்பதே என் ஆர்வம். இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு உறுதியாகச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: தோல்வியை நுணுக்கமாக வாசிக்கக் கற்றுக்கொடுக்கிற அரிய பிரதி இது. தோற்றவர்கள் அதன்பின் எங்கே போகிறார்கள் என்பதைத் திரையிலிருந்து துடைத்துவிடுகிற பிரதியும் இதுவே. இரண்டையும் சேர்த்துத்தான் இதைப் பேச வேண்டும்.

2

கவுன்ட்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. மொத்தம் 18 முதல்தர அணிகள். 2000-ஆம் ஆண்டிலிருந்து இரண்டு பிரிவுகளாக ஆடுகிறார்கள். சர்ரே, யார்க்‌ஷயர், லங்காஷயர் போன்றவை பெரிய வீடுகள். லெஸ்டர்ஷயர், டெர்பிஷயர், நார்தாம்ப்டன்ஷயர் போன்றவை மாதக் கடைசியில் கைமாற்று வாங்குகிற வீடுகள்.

தமிழர்களுக்கு இந்தச் சின்ன வீடுகள் அவ்வளவு அந்நியமில்லை. எஸ். வெங்கட்ராகவன் 1973 முதல் 1975 வரை டெர்பிஷயருக்கு ஆடினார். அந்த அணி அட்டவணையின் அடியில் கிடந்த வருஷங்கள் அவை. 2017-ல் அஸ்வின் வூஸ்டர்ஷயருக்குப் போனார். அது அப்போது இரண்டாம் பிரிவில் இருந்தது, அந்த ஆண்டே மேலேறியது. முரளிதரன் லங்காஷயருக்கும் கென்ட்டுக்கும் ஆடியிருக்கிறார். கேமின் மொழியில் சொன்னால், இவர்கள் எல்லாரும் ‘வெளிநாட்டு வீரர்’ என்கிற ஒரே கட்டத்தில் வந்து உட்கார்ந்தவர்கள்.

இவ்வகை விளையாட்டுகளின் அடிப்படை எளியது. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு நிகழ்தகவு. பேட்ஸ்மேனின் திறன், பௌலரின் திறன், பிட்ச், வானிலை, எவ்வளவு ஆக்ரோஷமாக ஆடச் சொல்லியிருக்கிறீர்கள் என்பதெல்லாம் சேர்ந்து அந்த நிகழ்தகவைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தும். அப்புறம் கணினி மனசுக்குள் பகடை உருட்டும். ஒரு சீசனில் ஆயிரக்கணக்கான பகடைகள். எங்கள் தொழிலில் இதற்கு ‘மான்டே கார்லோ’ என்று பெயர் வைத்திருக்கிறோம். எங்க பாட்டி இதைத் தாயம் என்பார்.

ஆனால் தாயத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. பேட்ஸ்மேன் களத்தில் எவ்வளவு ஊன்றியிருக்கிறான் என்று காட்டும் ஒரு சிறிய பட்டை. புதிதாக வந்தவனுக்கு அது காலியாக இருக்கும். பந்துகளைப் பார்த்துப் பார்த்து ஆட, கொஞ்சம் கொஞ்சமாக நிறையும். நிறைந்த பிறகுதான் அவனை அடிக்கச் சொல்லலாம். அந்தப் பட்டை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த விளையாட்டின் பெரும்பகுதி நேரம். வேறெந்தக் கேமும் ஒருவன் வெறுமனே நிலைத்து நிற்பதை இவ்வளவு பரபரப்பாக்கி நான் பார்த்ததில்லை.

இதன் பல பதிப்புகளில் வர்ணனைக் குரல் ஜோனதன் அக்னியூவுடையது. பி.பி.சி.யின் கிரிக்கெட் குரலாக உலகம் அறிந்த அவர், அதற்கு முன்பு லெஸ்டர்ஷயரின் வேகப்பந்து வீச்சாளர். 1987 சீசனில் மட்டும் 101 விக்கெட் எடுத்தவர். லெஸ்டர்ஷயரை நடத்துகிறவனுக்கு இது ஒரு தனி அனுபவம். உங்கள் அணி 94-க்கு ஆல் அவுட் ஆவதை உங்கள் அணியின் பழைய ஆள் ஒருவரே நிதானமாக அறிவித்துக்கொண்டிருப்பார்.

3

சர்ரேவை வைத்து ஆடினால் இந்தக் கேம் சீக்கிரம் சலித்துவிடும். வெற்றி, வெற்றி, மழையால் டிரா, வெற்றி. ஒவ்வொரு வெற்றியும் முந்தையதைப் போலவே இருக்கும். தோல்விகள் அப்படியில்லை. இன்னிங்ஸ் தோல்வி ஒரு ரகம். நாலாவது நாள் கடைசி மணி நேரத்தில் எட்டு விக்கெட்டோடு தாக்குப்பிடித்து, வெளிச்சம் மங்குவதற்கு ஆறு ஓவர் முன்பு விழுவது இன்னொரு ரகம். இரண்டும் அட்டவணையில் ஒரே எழுத்தாகப் பதிவாகும். ஆடியவனுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

கவுன்ட்டி சாம்பியன்ஷிப்பின் புள்ளி முறை இந்த வாசிப்புக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. லெஸ்டர்ஷயர் தோற்றுக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் வெற்றிக்கு 16 புள்ளி. அதற்கு வெளியே, முதல் இன்னிங்ஸின் முதல் 110 ஓவருக்குள் 200 ரன் எடுத்தால் ஒரு புள்ளி. 250, 300, 350, 400 என்று ஒவ்வொரு படிக்கும் இன்னொன்று. பந்துவீச்சில் மூன்று விக்கெட்டுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு, ஒன்பதுக்கு மூன்று. ஆட்டத்தில் தோற்றாலும் இந்தப் புள்ளிகள் உங்களுடையவைதான். யாரும் பிடுங்க முடியாது.

இதன் விளைவு என்ன? எதிரணி 480 அடித்து நிற்கிறது. நீங்கள் 186-க்கு எட்டு. ஆட்டம் போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் உங்களுக்கு இன்னும் 14 ரன் வேண்டும். ஒன்பதாவது, பத்தாவது ஆட்டக்காரர்கள் அந்த 14 ரன்னைச் சேர்ப்பதை நீங்கள் நகம் கடித்துக்கொண்டு பார்ப்பீர்கள். 200 வந்ததும் எழுந்து தண்ணீர் குடிப்பீர்கள். எதிரணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஸ்கோர்போர்டின் ஒரே எண்ணை இரண்டு அணிகளும் இரண்டு மொழிகளில் வாசிக்கிற கணம் அது.

கதை என்பது நெருக்கடியிலிருந்து வெற்றிக்கோ வீழ்ச்சிக்கோ போவது என்று சினிமா நம்மைப் பழக்கியிருக்கிறது. நம்முடைய விளையாட்டுப் படங்கள் பெரும்பாலானவை கடைசி ஓவரில்தான் முடியும். தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு அணியின் கதைக்குக் கடைசி ஓவர் இல்லை. அடுத்த வாரம் வேறு ஊரில் இன்னொரு ஆட்டம் இருக்கும். நார்தாம்ப்டன்ஷயர் 1935 மே முதல் 1939 மே வரை 99 சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. நான்கு வருஷம் வெள்ளைச் சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் அவர்கள் வென்றது யாரை என்று நினைக்கிறீர்கள்? லெஸ்டர்ஷயரைத்தான். வரலாற்றுக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு.

எட்டு மணிக்கு எழுந்து, வேலைக்குப் போய், பெரிதாக எதையும் ஜெயிக்காமல் வீட்டுக்கு வந்து, மறுநாளும் எழுந்துபோகிற வாழ்க்கைக்கு இந்த வடிவம்தான் நெருக்கமானது. நம்மில் பெரும்பாலோர் சர்ரே இல்லை. நாம் அன்றாடம் சேர்ப்பது ஒன்றும் இரண்டுமான போனஸ் புள்ளிகளைத்தான்.

4

இவ்வளவு பாராட்டியாயிற்று. இனி அது எங்கே பொய் சொல்கிறது என்று பார்க்கலாம்.

கேமில் தோல்விக்குக் காரணம் எப்போதும் ஒருவர்தான்: நீங்கள். ஸ்பின்னரை எடுக்காமல் விட்டது நீங்கள், ஸ்லிப்பை எடுத்துவிட்டு ஆளைப் பின்னால் அனுப்பியது நீங்கள். இந்தச் சுகம் முக்கியமானது. எல்லாம் என் கையில் இருக்கிறது என்கிற சுகம். நிஜ லெஸ்டர்ஷயருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

நிஜத்தில் அதன் கதை ஏறக்குறைய இப்படி. 2003-ல் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கியது. நடுவில் 2004, 2006, 2011 ஆண்டுகளில் டி20 கோப்பையை வென்றது. அதாவது அங்கே திறமை இல்லாமல் போகவில்லை. அதன் கிரேஸ் ரோடு மைதானத்தில் ஆண்கள் டெஸ்ட் ஆட்டங்கள் நடப்பதில்லை. டெஸ்ட் நடக்கிற டிரென்ட் பிரிட்ஜ் பக்கத்து நாட்டிங்ஹாமில் இருக்கிறது. லெஸ்டருக்கும் நாட்டிங்ஹாமுக்கும் நடுவே உள்ள தூரம், ஓசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே உள்ளதுதான், ஏறக்குறைய. ஸ்டூவர்ட் பிராட் லெஸ்டர்ஷயரில் வளர்ந்து நாட்டிங்ஹாம்ஷயருக்குப் போனார். ஜேம்ஸ் டெய்லர் போனார். ஹாரி கர்னி போனார். வளர்க்கிறது ஒரு வீடு, அறுவடை பக்கத்து வீட்டில்.

ஓசூர்–கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் அத்திப்பள்ளி தாண்டிப் போகிற வண்டிகளைப் பார்த்தாலே புரியும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன். படிக்கவைத்தது தமிழ்நாடு, வரி கட்டுவது பெங்களூரில். கிரிக்கெட்டிலும் எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பது சுலபமில்லை. 2014-15 ரஞ்சி இறுதிப்போட்டியில் கருண் நாயர் 328 அடிக்க, கர்நாடகம் நம்மை ஒரு இன்னிங்ஸ், 217 ரன் வித்தியாசத்தில் நசுக்கியது. தமிழ்நாடு கடைசியாக ரஞ்சிக் கோப்பையை வென்றது 1987-88 சீசனில். ஆபீஸில் பக்கத்து சீட் கன்னடக்காரர் இதை மறக்கவே விடமாட்டார். 2021 நவம்பரில் சையத் முஷ்டாக் அலி இறுதிப்போட்டியில் ஷாருக் கான் கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்துக் கர்நாடகத்தைத் தோற்கடித்தபோதுதான் கொஞ்சம் நிமிர்ந்து காபி குடிக்க முடிந்தது.

மறுபடி கேமுக்கு வருவோம். லெஸ்டர்ஷயரை நீங்கள் திறமையாக நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சீசன் அடி வாங்குவீர்கள். மூன்றாவதில் மேலேறுவீர்கள். பரிசுப் பணம் வரும், சம்பள பட்ஜெட் கூடும். அப்போது என்ன செய்வீர்கள்? சீசன் முடிந்ததும் மற்ற அணிகளின் பட்டியலைத் திறந்து, டெர்பிஷயரில் நன்றாக வந்துகொண்டிருக்கும் 21 வயதுப் பையனுக்குக் கூடுதல் சம்பளம் காட்டி இழுப்பீர்கள். இழுக்காவிட்டால் மேலே நிலைக்க முடியாது. நாட்டிங்ஹாம்ஷயர் லெஸ்டருக்குச் செய்ததை லெஸ்டர் டெர்பிக்குச் செய்யும். கேம் இதற்கு உங்களைப் பாராட்டும், கோப்பை கொடுக்கும்.

தோற்கும் அணியின் பக்கம் நின்று கதையைத் தொடங்கி, ஜெயிப்பதற்கு ஒரே வழியாக இன்னொரு தோற்கும் அணியைச் சுரண்டுவதை வைத்திருப்பது ஒரு கருத்துநிலை. அதைக் கேம் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விதிகளாக எழுதிவைத்திருக்கிறது. நாவலாசிரியன் பாத்திரத்தின் வாயில் வைப்பதை, கேம் எழுதுகிறவன் விதியில் வைக்கிறான். விதியை வாசிக்கத் தெரியாவிட்டால் அதன் கருத்தை நம்முடைய சொந்தக் கருத்தென்றே நினைத்துக்கொள்வோம்.

5

சீசன் முடிவில் ஒரு திரை வரும். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களின் பெயர்கள் வரிசையாக. வயது, சராசரி, கேட்கிற சம்பளம். யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். 34 வயது, சராசரி 26. விடு. ஒரு கிளிக். அந்த வரி காணாமல் போகும்.

எங்கள் துறையிலும் ‘பெஞ்ச்’ என்ற சொல் புழங்குகிறது. புராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களின் பெயர்களும் இப்படித்தான் ஒரு எக்செல் தாளில் வரிசையாக இருக்கும். திறன், அனுபவம், சம்பளம், கடைசி ரேட்டிங். அந்தத் தாளைத் தயாரிப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஒரு நிரலின் பக்கத்தில் இன்னொரு நிரலைப் பார்க்கும்போது, சிவப்பில் இருப்பதை நீக்கத்தான் கை போகும். தாளின் அமைப்பே அப்படி.

என் பெரியப்பா மகன், எனக்கு ஆறு வயது மூத்தவர். எங்கள் பக்கத்து டென்னிஸ் பால் டோர்னமென்ட்களில் அவர் பந்து போட வந்தால் எதிரணி பேட்ஸ்மேன் கார்டு எடுத்துவிடுவான். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிரெய்னியாகச் சேர்ந்தார். கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மேட்ச். மூன்று வருஷம் முடிந்ததும் ஒருநாள் பஸ்ஸில் போகவில்லை. ஏன்ணா என்று கேட்டேன். “லிஸ்ட்ல பேரு இல்லடா தம்பி. அவ்ளோதான்” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அந்தப் பட்டியலைப் போட்டவர் அவரை ஒருமுறையாவது நேரில் பார்த்திருப்பாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

அவர் அதன்பிறகும் வாழ்ந்தார். கிருஷ்ணகிரியில் ஒரு டயர் கடை, கொஞ்சநாள் மாங்காய் லோடு, இப்போது சொந்தமாக ஒரு சின்ன வண்டி. கேமில் இல்லாதது இந்த ‘அதன்பிறகு’தான். விடுவிக்கப்பட்ட 34 வயதுக்காரன் அடுத்த திங்கட்கிழமை காலை என்ன செய்தான் என்பதற்கு அங்கே திரை இல்லை.

இதை ஒரு நாவல் முன்பே தொட்டிருக்கிறது. 1968-ல் வந்த ராபர்ட் கூவரின் ‘தி யுனிவர்சல் பேஸ்பால் அசோசியேஷன்’. அதில் ஒரு கணக்கர் வீட்டு மேசையில் பகடைகளை வைத்து ஒரு முழு பேஸ்பால் லீகையே நடத்துகிறார். அவர் மிகவும் நேசிக்கும் ஒரு இளம் பந்துவீச்சாளன் ஒரு பகடை வீச்சில் செத்துப்போகிறான். விதிப்படி அது செல்லும். அவர்தான் விதிகளை எழுதியவர், ஆனாலும் அந்த மரணத்தை அவரால் தாங்க முடியவில்லை. கூவர் சரியான இடத்தில் கை வைத்தார்: எண்களுக்குப் பின்னால் ஒரு முகத்தைக் கற்பனை செய்துவிட்டால் அதற்குமேல் நிர்வாகம் செய்வது கடினம். ‘கிரிக்கெட் கேப்டன்’ இதைத் தலைகீழாகச் செய்கிறது. முகமும் பெயரும் உள்ள நிஜ மனிதர்களை எடுத்துக்கொண்டு, நிர்வாகம் செய்யத் தோதாக அவர்களை எண்களாக்குகிறது.

6

இங்கே நிறுத்திவிட்டு ‘எண் கெட்டது, மனிதன் நல்லவன்’ என்று முடித்துவிடலாம். அது சோம்பேறித்தனம். எண்ணுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. எங்களைப் போன்ற ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு அது தெரியும்.

கேமின் வரிசையில் சாதி இல்லை, ஊர் இல்லை, எந்த ஸ்கூல், எந்த கிளப், இங்கிலீஷ் எப்படிப் பேசுவான் என்பது இல்லை. இடது கை, வேகப்பந்து, சராசரி. அவ்வளவுதான். சிபாரிசுக் கடிதத்துக்கு அங்கே நிரல் கிடையாது. மத்தூர்ப் பக்கமிருந்து பொறியியல் படித்து வந்து, முதல் இன்டர்வியூவில் வாய் திறக்கவே நடுங்கியவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவார்கள். எழுதிய கோடு ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கிற தேர்வு எங்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை! எண் இரக்கமற்றது, சரி. ஆனால் அது மூஞ்சியைப் பார்ப்பதில்லை.

பிரச்சினை அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. அந்த வரிசைக்குள் ஒருவன் எப்படி வந்து சேர்கிறான்?

கேமில் புதிய இளைஞர்கள் வருஷா வருஷம் தாமாகவே முளைப்பார்கள். 18 வயது, பெயர், சில எண்கள். எந்த மைதானத்தில் யார் அவனைப் பார்த்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. இங்கிலாந்தில் பள்ளிகளும் கவுன்ட்டி அகாடமிகளும் அந்த வேலையைச் செய்வதாக எடுத்துக்கொள்ளலாம். நம்மூரில் அந்த வெற்றிடம்தான் முழுக்கதை.

நடராஜனை எடுத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி. மத்தூரிலிருந்து தருமபுரி தாண்டிப் போனால் எட்டிவிடும் ஊர். இருபது வயதுவரை அவர் போட்டது டென்னிஸ் பந்து. உள்ளூர் அண்ணன் ஒருவர் பார்த்து, நம்பி, சென்னைக்கு அனுப்பினார். அந்த அண்ணனின் பெயரின் முதலெழுத்துகளை நடராஜன் பின்னாளில் தன் ஜெர்சியில் போட்டுக்கொண்டார். சென்னை லீகில் ஆடி, 2015 ஜனவரியில் ரஞ்சி அறிமுகம். பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று சொல்லிவிட்டார்கள். கையைத் திருத்திக்கொண்டு திரும்பினார். 2016-ல் தொடங்கிய டி.என்.பி.எல். அவரைக் காட்டிக்கொடுத்தது. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி. 2020 கடைசியில் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், டிசம்பர் 2 அன்று கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், அங்கேயே டி20, ஜனவரி 15 அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று ஒரே பயணத்தில் மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்கு அறிமுகமானார்.

இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தாலும் அவர் எந்த வரிசையிலும் வந்திருக்கமாட்டார். சின்னப்பம்பட்டியில் அவர் போட்ட யார்க்கர்களுக்கு எந்த ஸ்கோர்கார்டும் கிடையாது. எங்க அண்ணன் போட்டவற்றுக்கும் கிடையாது. அண்ணன் நடராஜன் அளவுக்கு வந்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. அதைச் சொல்ல என்னிடம் எண் இல்லை, யாரிடமும் இல்லை. அதுதான் விஷயமே.

கேமின் அண்மைப் பதிப்புகளில் இந்திய உள்நாட்டு அணிகளையும் நடத்தலாம். தமிழ்நாட்டை எடுத்து ஆடிப் பார்த்தேன். லெஸ்டர்ஷயரில் இருக்கிற உணர்வு வரவில்லை. காரணம் யோசித்தபோது ஒன்று தோன்றியது. கவுன்ட்டி என்பது ஒரு ஊரின் அணி. நம்மிடம் அந்தத் தளம் வேறு மாதிரி அமைந்தது. சென்னையின் முதல் டிவிஷன் லீகை நெடுங்காலம் தாங்கியவை கம்பெனிகள். ஆட்டக்காரனுக்கு அவை வேலையும் கொடுத்தன. ஆட்டம் போனாலும் வேலை நின்றது. அது ஒரு பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்பின் வாசல் சென்னையில்தான் திறந்தது. டி.என்.பி.எல். எட்டு அணிகளோடு தொடங்கியபோது கிருஷ்ணகிரி பெயரில் அணி இல்லை, தருமபுரி பெயரிலும் இல்லை. டூவீலரும் வாட்சும் லாரியும் செய்கிற ஒரு முழுப் பகுதி, கிரிக்கெட் வரைபடத்தில் வெறும் நெடுஞ்சாலை. தோற்பதற்குக்கூட எங்களுக்கு ஓர் அணி இல்லை.

லெஸ்டர்ஷயரைப் பார்த்து எனக்கு வருகிற சின்னப் பொறாமை அதுதான். 992 நாட்கள் தோற்றாலும் அது பதிவாகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்கோர்கார்டு இருக்கிறது, யார் எத்தனை பந்து நின்றான் என்பது இருக்கிறது. அட்டவணையில் கடைசி இடம் என்பதும் ஒரு இடம்தான்.

7

லெஸ்டர்ஷயர் 2022-லும் ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தைக்கூட வெல்லவில்லை. 2023-ல் ஒருநாள் கோப்பையை ஹாம்ப்ஷயரிடமிருந்து இரண்டே ரன்னில் தட்டிப்பறித்தது. 2025-ல் இரண்டாம் பிரிவை வென்று, 22 வருஷம் கழித்து முதல் பிரிவுக்குத் திரும்பியது. கேமில் இதை நான் நாலைந்து தடவை சாதித்திருக்கிறேன், மூன்றாவது சீசனிலேயே. நிஜத்தில் 22 வருஷம் ஆயிற்று. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு ஆடினால் கேம் இன்னும் ஆழமாகிறது.

புதிதாக ஆட வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. லெஸ்டர்ஷயரையோ டெர்பிஷயரையோ எடுங்கள். ஒரு முழு சீசன், பக்கத்து அணியிலிருந்து யாரையும் இழுக்காமல் ஆடுங்கள். கடைசி இடம் வந்தாலும் பரவாயில்லை. சீசன் முடிவில் அந்த ஒப்பந்தத் திரை வரும்போது, விடுவிக்கப்போகும் ஆளின் பெயரைக் கிளிக் செய்வதற்கு முன் அவனுடைய அந்த வருஷத்து ஸ்கோர்கார்டுகளை ஒருமுறை திறந்து பாருங்கள். எங்காவது ஒரு ஆட்டத்தில், 186-க்கு எட்டு என்று இருந்தபோது உள்ளே வந்து, 41 பந்து நின்று, ஒன்பது ரன் எடுத்து, அணியை 200-க்குக் கொண்டுபோயிருப்பான். அதைப் படித்த பிறகும் விடுவிக்க வேண்டியிருந்தால் விடுவியுங்கள். சம்பள பட்ஜெட் என்று ஒன்று இருக்கிறதே. படித்துவிட்டுச் செய்யுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.